மருந்து கேட்கலைங்க

"அந்தப் பேரை இன்னொருக்கா சொல்லுங்க அம்மணி."

ஐ.சி.யூ.வின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போட்டிருந்த இரும்பு நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கேட்டார் வேலுச்சாமி. பழனிக்குப் பக்கத்து நெய்க்காரப்பட்டிக்காரர். அறுபதை நெருங்கும் வயது. நாலைந்து நாளாக அதே வெள்ளைச் சட்டை. காலர் மடிப்பில் வேர்வை உப்பு காய்ந்து வரிவரியாக நின்றது.

என் கையில் ஒரு ஸ்டீல் தட்டு. அதில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள்.

"கொலிஸ்டின்" என்றேன்.

மகளுக்குப் போகிற மருந்தின் பெயரையெல்லாம் ஒரு பாக்கெட் டைரியில் எழுதி வைப்பது அவர் வழக்கம். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி என்னைப் பலமுறை நிறுத்தியிருக்கிறார். அன்றைக்கும் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

"இது ஊசியாவும் வருதுங்களா?"

"ஊசிதான் ஐயா. ஏன், முந்தியே கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"கோழிக்குக் கலக்குவமுங்க. எங்க ஷெட்டுல, தண்ணி டேங்குல. பவுடரா வரும். இதே பேருதானுங்க."

உள்ளே படுத்திருந்தது அவருடைய ஒரே மகள் சுகன்யா. இருபத்து நான்கு வயது. குழந்தை பிறந்து பதினான்கு நாள் ஆகியிருந்தது. பரிசோதனைக்கூட அறிக்கையில் அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே மருந்து என் தட்டில் இருந்தது.

எடுத்துக் கொடுக்கிறவள்

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "டாக்டர் எழுதுவதை எடுத்துக் கொடுப்பதுதானே உங்கள் வேலை? அதில் இவ்வளவு நினைத்துப் பார்க்க என்ன இருக்கிறது?"

அவர் கேட்டதில் தவறில்லை. என்னைப் பெற்ற அத்தாவுக்கே அந்த எண்ணம்தான். திண்டுக்கல்லில் ஒரு தோல் கம்பெனியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். நான் மருந்தியல் படித்து வெள்ளைக் கோட்டு போட்டதும் பேகம்பூர் முழுக்கச் சொல்லித் திரிந்தார், "நூர்ஜஹான் ஆஸ்பத்திரியில வேலை பாக்குது" என்று. என்ன வேலை என்று யாராவது கேட்டால் செத்த நேரம் யோசிப்பார். "மருந்து எடுத்துக் குடுக்குது" என்பார்.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும்போது, தோல் சுரண்டுகிற கத்தி அவர் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. முழங்கை வரை வீங்கிப் பளபளவென்று சிவந்தது. பெரியாஸ்பத்திரியில் பென்சிலின் ஊசி போட்டார்கள். நாலாம் நாள் அந்தக் கையாலேயே எனக்குப் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். வீட்டில் யாரும் அதற்காக ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஊரில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்று யாரும் நம்பியதில்லை. ஊசி போட்டால் மருந்து கேட்கும் என்று எல்லோரும் நம்பினோம்.

அந்த நம்பிக்கையைத்தான் நான் பஸ் ஸ்டாண்டு மெடிக்கல் ஷாப்பில் கத்தரிக்கோலால் வெட்டி வெட்டிக் கொடுத்தேன். அதைப் போன வாரமே எழுதிவிட்டேன். வேடசந்தூர்ப் பக்கத்து மில்லுக்குப் போகிற பெண்கள் மூச்சு வாங்க ஓடி வருவார்கள். "அக்கா, ரெண்டே ரெண்டு மாத்திரை. இன்னைக்கு லீவு போட முடியாது. பஸ் எடுத்துருவாங்க." ஐந்து நாள் சாப்பிட வேண்டியதை இரண்டாக வெட்டிக் கொடுப்பேன். காய்ச்சல் விடும். கிருமி முழுதாகச் சாகாது. பிழைத்த கிருமி அந்த மருந்தை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை அந்த மாத்திரைக்கு அசையாது.

இதெல்லாம் தெரிந்துதான் வெட்டினேன்.

மஞ்சள் படிவம்

பிறகு இந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இங்கே மருந்தகப் பொறுப்பு என்னுடையது. வீரியமான ஆன்டிபயாடிக் எதுவானாலும் ஒரு மஞ்சள் படிவத்தோடுதான் கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. என்ன நோய், எந்த மருந்து, எத்தனை நாள். கடைசியில் ஒரு கட்டம்: "கல்ச்சர் அனுப்பப்பட்டதா?"

முதல் ஊசி போடுவதற்கு முன்பே நோயாளியின் ரத்தத்தையோ சீழையோ எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பார்கள். அதுதான் கல்ச்சர். ஊசி போட்ட பிறகு எடுத்தால் கிருமி சரியாக வளராது, வளர்ந்தாலும் நாள் வீணாகும். அந்தக் கட்டத்தில் டிக் போட்டு நான் கையெழுத்து வைத்தால்தான் மருந்து அலமாரியை விட்டு நகரலாம்.

காகிதத்தில் அப்படி. நடப்பில் நான் போன் பேசிக்கொண்டிருப்பேன்.

"சார், ஏழு நாள் முடிஞ்சிருச்சு. காய்ச்சலும் இல்ல. மருந்தை நிறுத்திரலாமா?"

"நூர்ஜஹான், நீங்க பேஷன்ட்டப் பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"நான் பாத்தேன்." வைத்துவிடுவார்கள்.

எங்கள் பெரிய டாக்டர் கெட்டவரில்லை. ஒருநாள் லிஃப்ட்டில் போகும்போது சொன்னார்: "நீ சொல்றது அம்புட்டும் சரிம்மா. ஆனா மருந்து குறைச்சுப் போட்டு ஒரு கேஸ் போச்சுன்னா, கீழ கூட்டம் கூடுனா, முன்னாடி போய் நிக்கிறது நீயா நானா?" லிஃப்ட் திறந்தது. அவர் போய்விட்டார்.

அந்த ஒரு டிக்

சுகன்யாவைக் கொண்டுவந்தது ஒரு சனிக்கிழமை மதியம். பழனிப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சிசேரியன் ஆகி ஒன்பது நாள். வீடு திரும்பிய மறுநாளே காய்ச்சல். தையல் போட்ட இடத்தில் சீழ். அங்கே ஒரு மருந்து மாற்றி ஒரு மருந்தாக மூன்று ஆன்டிபயாடிக் போட்டுப் பார்த்துவிட்டு, "திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

டூட்டி டாக்டர் போன் செய்தார். சின்ன வயசுப் பையன்தான். குரல் பதறியது.

"மேடம், பி.பி. இறங்கிக்கிட்டே இருக்கு. மருந்தை உடனே அனுப்புங்க."

"கல்ச்சர் எடுத்தாச்சா டாக்டர்?"

"எடுத்துர்றோம் மேடம்."

"எடுத்துட்டு ஊசி போடுங்க."

"எடுத்துர்றோம்னு சொல்றேன்ல மேடம்!"

மருந்தை நிறுத்தி வைத்திருக்க முடியாது. வைத்திருக்கவும் கூடாது. அந்த நிலையில் ஒவ்வொரு நிமிஷமும் உயிர். ஆனால் இரண்டு மாடி ஏறிப் போய், ரத்தம் எடுத்த பாட்டிலைக் கண்ணால் பார்த்துவிட்டு நான் டிக் போட்டிருக்கலாம். கவுன்டரில் பதினைந்து பேர் நின்றார்கள். நின்ற இடத்திலேயே டிக் போட்டேன். கையெழுத்து வைத்தேன். மருந்து மேலே போனது.

ஞாயிறு எனக்கு விடுமுறை.

திங்கட்கிழமை காலை பரிசோதனைக்கூடத்துக்குப் போன் செய்து, சுகன்யாவின் கல்ச்சரில் ஏதாவது வளர்ந்திருக்கிறதா என்று கேட்டேன். அங்கிருந்த பெண் ஏட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அக்கா, இந்தப் பேர்ல ஒண்ணும் வரலையே."

மேலே ஓடினேன். டூட்டி டாக்டர் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். "நரம்பு கிடைக்கவே நேரமாயிருச்சு மேடம். ஊசியை முதல்ல போட்டுட்டு அப்புறம் எடுக்கலாம்னு..." என்றவர் முடிக்கவில்லை. எனக்கும் அவரைத் திட்ட வாய் வரவில்லை. அன்றுதான் ரத்தமும் சீழும் போயின.

இதற்கிடையில் போட்டுக்கொண்டிருந்த மருந்து கேட்கவில்லை. தினமும் காய்ச்சல் ஏறியது. அறிக்கை வந்தது வியாழக்கிழமை. வரிசையாகப் பத்துப் பதினைந்து மருந்துகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் நேரே, கிருமி இதற்கு அசையாது என்று குறி. நாங்கள் ஐந்து நாளாகப் போட்டுக்கொண்டிருந்த மருந்துக்கும் அதே குறிதான். கடைசி வரியில் ஒரே ஒரு மருந்து தப்பியிருந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய பழைய மருந்து. வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுப்பது.

சனிக்கிழமையே எடுத்திருந்தால் இந்தத் தாள் செவ்வாய்க்கிழமை என் கைக்கு வந்திருக்கும்.

ஷெட்டு

அந்த மருந்தை எடுத்துக்கொண்டு போகும்போதுதான் வேலுச்சாமி என்னை நிறுத்திப் பெயரைக் கேட்டார்.

தட்டை உள்ளே கொடுத்து, எடைக்கும் சிறுநீரகத்துக்கும் தக்க அளவை நர்ஸிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். பக்கத்து நாற்காலியில் அவருடைய மருமகன், மில்லில் ஃபிட்டர், தலையைக் கையில் தாங்கிக் குனிந்திருந்தார். மாமனாரின் பேச்சு அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை. குழந்தை ஊரில் வேலுச்சாமியின் மனைவியிடம் இருந்தது.

"கம்பெனிக்காரங்க குஞ்சு குடுப்பாங்க, தீவனம் குடுப்பாங்க, மருந்தும் அவிங்களே குடுப்பாங்க. வளத்துக் குடுக்கறதுதானுங்க நம்ம வேலை" என்றார். "கோழிக்கு நோவு வந்தாத்தான்னு இல்லீங்க. வராம இருக்கவும் கலக்குவோம். அப்புறம் கலக்கப்படாதுன்னு கவர்மென்ட்டுல தடை போட்டுட்டாங்கன்னாங்க. வீட்டுல ரெண்டு பாக்கெட் கெடந்துச்சு. வீணாப் போகுதேன்னு அதையும் கலக்கினனுங்க."

டைரியின் ஓரத்தை விரலால் நிமிண்டிக்கொண்டே மேலே சொன்னார்.

"வளைகாப்பு முடிச்சுப் புள்ளைய வீட்டுக்குக் கூட்டியாந்தமுங்க. சும்மா உக்காந்திருக்காத, ஷெட்டுக்குள்ள நாலு நடை நடன்னு சொன்னது நாந்தானுங்க. நடந்தா சொகப்பிரசவம் ஆகும்னு. தெனமும் நடந்துச்சு. குஞ்சைக் கையில எடுத்து வெச்சுக் கொஞ்சிட்டே நடக்கும்."

டைரியை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, நாங் கலக்குனதுனாலதான் என்ற புள்ளைக்கு மருந்து கேக்கலைங்களா?"

கோழிக்குக் கொடுக்கிற மருந்தைக் கோழியின் குடலிலுள்ள கிருமி பழகிக்கொள்ளும். அந்தக் கிருமி எச்சத்தில், தண்ணீரில், கையில் ஒட்டி மனிதருக்கு வரலாம். படித்திருக்கிறேன். ஆனால் சுகன்யாவின் தையலுக்குள் புகுந்தது அவள் அப்பாவின் ஷெட்டிலிருந்து வந்ததா, சிசேரியன் நடந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததா, என்னைப்போல் ஒருத்தி வெட்டிக் கொடுத்த மாத்திரைகளில் தேறி வந்ததா? யாராலும் சொல்ல முடியாது.

"தெரியலைங்க ஐயா" என்றேன். "யாராலயும் சொல்ல முடியாது."

அது உண்மைதான். ஆனால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று இருந்தது. சனிக்கிழமை மதியம் நான் போட்ட டிக். அதை அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். தன் தவறென்று நினைத்ததை அவர் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார். நான் என்னுடையதை மறைத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

மறுநாள் காய்ச்சல் குறைந்தது. "ஒடம்பு சுடலைங்க" என்று கவுன்டருக்கே வந்து சொன்னார். அதற்கடுத்த நாள் சிறுநீர் குறைந்தது. டயாலிசிஸ் வைத்தார்கள். நான் தினமும் அளவைத் திருத்தித் திருத்தி எழுதிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்திருந்தேன். ஐ.சி.யூ. நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கவுன்டரில் வைத்தாள்.

"சுகன்யா மருந்துக்கா. மிச்சம் எட்டு இருக்கு. எடுத்து வச்சுக்கங்க."

நோயாளி இறந்துவிட்டால் பயன்படுத்தாத மருந்து எங்களிடம் திரும்பி வரும். எங்களுக்குச் சாவுச் செய்தி வருவது பெரும்பாலும் இப்படித்தான். எட்டுக் குப்பிகளையும் எடுத்து அதே அலமாரியில், அதே தட்டில் வைத்தேன். சாப்பாட்டை மூடிவிட்டேன்.

கூட்டம்

மாதம் ஒருமுறை ஆன்டிபயாடிக் கமிட்டி கூடும். டீயும் பிஸ்கட்டும் வரும். அந்த மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததை அப்படியே சொன்னேன். கல்ச்சர் எடுக்காமலே டிக் போட்டேன், அதனால் இரண்டு நாள் வீணானது, முன்பே தெரிந்திருந்தால் மருந்தை முன்பே மாற்றியிருக்கலாம் என்றேன். இனி ரத்தம் எடுத்த பாட்டிலின் எண்ணைக் கட்டத்தில் எழுதினால்தான் மருந்து தருவேன் என்றும் சொன்னேன்.

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பெரிய டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார்.

"நீ டிக் போட்டது தப்புன்னு நீயே சொல்ற. நாளைக்கு ஒரு வக்கீல் இந்தப் படிவத்தை எடுத்தா என்னாகும்னு யோசிச்சுப் பாத்தியா?"

"அதுக்காகத்தான் சார், எண்ணை எழுதச் சொல்லி..."

"செய்வோம்மா. செய்வோம்."

அடுத்த மாதம் புதுப் படிவம் அச்சடித்து வந்தது. அதே மஞ்சள். நோய், மருந்து, நாள், கையெழுத்து. எண் எழுத இடமில்லை. டிக் போடுகிற கட்டமும் இல்லை. அதை எடுத்துவிட்டார்கள்.

நான் வேலையை விடவில்லை. விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். விட்டால் அந்த நாற்காலியில் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிற ஒருவர் உட்காருவார் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையா என்று இன்றுவரை தெரியவில்லை.

பிரிக்காத பாட்டில்

ஐந்து மாதம் போயிருக்கும். ஒரு காலை, கவுன்டர் வரிசையில் வேலுச்சாமி. தோளில் ஒரு பெண் குழந்தை. மெலிந்திருந்தார். மற்றவர்களை முந்தாமல் தன் முறை வரும்வரை நின்றுவிட்டு, மஞ்சள் துணிப்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார். தண்ணீர் கலந்து கொடுக்கிற குழந்தைகள் ஆன்டிபயாடிக். மூடியே பிரிக்கவில்லை. பவுடர் அடியில் அப்படியே கிடந்தது.

"பேத்திக்குச் சளிங்க அம்மணி. பழனியில டாக்டர் எழுதிக் குடுத்தாரு. ரெண்டு நாளாக் குடுக்கலைங்க. உங்களக் கேட்டுட்டுக் குடுக்கலாம்னு பஸ் ஏறி வந்துட்டனுங்க."

"ஏன் ஐயா குடுக்கல?"

"இதையும் இப்பவே குடுத்துப் பழக்கிட்டா, பின்னாடி ஆபத்துக்குக் கேக்காமப் போயிருமுங்களே. சுகன்யாவுக்குப் போன மாதிரி."

குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூக்கு விடைத்தது. உதட்டோரம் வெளிறியிருந்தது.

இத்தனை வருஷமாக "வேண்டாம், தேவையில்லை" என்று நான் சொன்னதை யாரும் கேட்டதில்லை. கேட்ட ஒரே மனிதர், கேட்கக் கூடாத இடத்தில் கேட்டிருந்தார். நான் அவரிடம் அப்படிச் சொல்லவே இல்லை. அந்த ஐ.சி.யூ. வாசலில் என் டிக்கை நான் சொல்லாமல் விட்டதால், தான் கலக்கியதுதான் காரணம் என்று அவரே எடுத்துக்கொண்டது அது.

"ஐயா, இது இந்தப் பிள்ளைக்கு வேணும். இதுக்காகத்தான் மருந்தே இருக்கு. வாங்க" என்று குழந்தையை வாங்கிக்கொண்டு குழந்தைகள் வார்டுக்கு ஓடினேன். நிமோனியா. நரம்பு தேடி, நான் பக்கத்தில் நிற்க, முதலில் ரத்தம் எடுத்தார்கள். பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பிறகுதான் ஊசி. பழைய, சாதாரண மருந்து.

மூன்றாம் நாள் குழந்தை பால் குடித்தது. வேலுச்சாமி கவுன்டருக்கு வந்து, "மருந்து கேட்டுருச்சுங்க அம்மணி" என்றார். ஐந்து மாதத்தில் முதல் முறையாக அவர் முகத்தில் ஏதோ தளர்ந்திருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்தத் தடவை கேட்டது என்றுதான் தோன்றியது.

டிஸ்சார்ஜ் ஆன அன்று அவரை மருந்தகத்துக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தேன். சனிக்கிழமை, டிக், திங்கட்கிழமை, வியாழக்கிழமை, எல்லாவற்றையும் சொன்னேன். கமிட்டியில் சொன்ன மாதிரி சுத்தமாகச் சொல்ல வரவில்லை. இடையில் இரண்டு முறை நிறுத்தினேன். குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

அதன் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கே எடுத்திருந்தா பொழச்சிருக்குமுங்களா?"

"தெரியலைங்க ஐயா."

தலையசைத்தார். திட்டவில்லை. திட்டுவார் என்று நினைத்திருந்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். என் பக்கமிருந்த தோளிலிருந்து குழந்தையைத் தூக்கி, எதிர்ப்பக்கத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பழனி பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்றார்.

அப்புறம் அவர் வரவேயில்லை. குழந்தைக்கு மருந்து எங்கே வாங்குகிறார், யாரைக் கேட்டுக் கொடுக்கிறார், எனக்குத் தெரியாது.